பழைய பிளேஸ்டேஷன் கேம் விளையாட 'கேமிங் பிசி' தேவையா? எமுலேட்டருக்கு குறைந்த செலவில் டெஸ்க்டாப் வாங்குவது எப்படி?

பிளேஸ்டேஷன் 2 டிஸ்க்குகள் பத்திரமாக இருக்கின்றன. ஆனால் கன்சோல் பழுதாகி பல வருஷம் ஆகிவிட்டது. இந்த நிலையில் இருக்கும் பலரும் யோசிப்பது ஒன்றுதான்: கம்ப்யூட்டரில் எமுலேட்டர் போட்டு விளையாடினால் என்ன?

விளையாடலாம். எமுலேட்டர்கள் பெரும்பாலும் இலவசம். செலவு கம்ப்யூட்டருக்குத்தான். பிரச்னையும் அங்கேதான் தொடங்குகிறது.

கடைக்குப் போய் "கேம் விளையாட ஒரு சிஸ்டம் வேணும்" என்று கேட்டால், கலர் லைட் எரியும் கேபினெட், 'ஐ7 ப்ராசஸர், 16 ஜிபி ரேம், 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு' என்று ஒரு செட்டைக் காட்டுவார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அதைவிடக் குறைந்த விலையில் கிடைக்கும் ஒரு பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர், எமுலேட்டரை அதைவிட வேகமாக ஓட்டிவிடக் கூடும். அது எப்படி? எதைப் பார்த்து வாங்க வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

எமுலேட்டர் என்ன வேலை செய்கிறது?

கன்சோல் கேம் என்பது அந்தக் கன்சோலில் இருக்கும் சிப்புக்காகவே எழுதப்பட்டது. பிளேஸ்டேஷன் 2-வின் 'எமோஷன் எஞ்சின்' சிப் பேசும் மொழி வேறு. நம் கம்ப்யூட்டரில் இருக்கும் இன்டெல், ஏஎம்டி ப்ராசஸர்கள் பேசும் மொழி வேறு. இரண்டுக்கும் நடுவில் நின்று மொழிபெயர்ப்பதுதான் எமுலேட்டரின் வேலை.

தேர்தல் பிரசாரக் கூட்டங்களைப் பார்த்திருப்பீர்கள். டெல்லியில் இருந்து வரும் தலைவர் இந்தியில் ஒரு வரி பேசுவார். பக்கத்து மைக்கில் நிற்பவர் அதைத் தமிழில் சொல்வார். தலைவர் வேகமாகப் பேச, இவர் தடுமாறினால் கூட்டமே குழம்பிவிடும்.

எமுலேட்டரின் நிலையும் இதுதான். பல கேம்கள் விநாடிக்கு 60 படங்களைத் திரையில் காட்டுகின்றன. அதாவது ஒரு படத்துக்கு கிடைக்கும் நேரம் சுமார் 16.7 மில்லி விநாடி மட்டுமே. அதற்குள் மொழிபெயர்ப்பு முடியாவிட்டால் கேம் ஸ்லோமோஷனில் ஓடும், சத்தம் கரகரக்கும்.

கிராபிக்ஸ் கார்டைவிட ப்ராசஸர் ஏன் முக்கியம்?

மேடையில் ஒருவருக்குப் பதில் எட்டு மொழிபெயர்ப்பாளர்களை நிறுத்தினால் வேலை சீக்கிரம் முடியுமா? முடியாது. தலைவர் முதல் வரியை முடித்தால்தான் இரண்டாவது வரி வரும். அதனால் எட்டு சுமாரான ஆட்களைவிட, வேகமாகப் பேசும் ஒரே ஆள் மேல்.

ப்ராசஸரிலும் அதே கதைதான். அதில் இருக்கும் ஒவ்வொரு 'கோர்'-ம் ஒரு மொழிபெயர்ப்பாளர் மாதிரி. பழைய கன்சோல் கேம்களின் வேலையைப் பல கோர்களுக்குச் சமமாகப் பிரித்துக் கொடுக்க முடியாது. பிளேஸ்டேஷன் 2-வுக்கான 'பிசிஎஸ்எக்ஸ்2' எமுலேட்டர் முக்கியமாக மூன்று கோர்கள் வரை பயன்படுத்தும். கேம்கியூப், வீ கன்சோல்களுக்கான 'டால்ஃபின்' எமுலேட்டருக்கு முக்கியமான வேலை இரண்டு கோர்களில்தான்.

எனவே எத்தனை கோர் என்பதைவிட, ஒரு கோர் எவ்வளவு வேகம் என்பதுதான் முதல் கேள்வி. இதைத்தான் 'சிங்கிள் கோர்' வேகம் என்கிறார்கள்.

கிராபிக்ஸ் கார்டுக்கு வேலையே இல்லையா என்றால், இருக்கிறது. பழைய கேமின் படத்தை ஃபுல் எச்டி, 4கே என்று பெரிதாக்கிக் காட்டுவது அதன் பொறுப்பு. ஆனால் மொழிபெயர்ப்பு தாமதமானால், எவ்வளவு விலையுள்ள கார்டு போட்டாலும் கேம் வேகமாகாது.

எந்தக் கன்சோலுக்கு எவ்வளவு பவர் வேண்டும்?

கம்ப்யூட்டர் வாங்கும் முன் முடிவு செய்ய வேண்டியது இதைத்தான். எல்லா கேமும் ஓடணும் என்று கிளம்பினால் பட்ஜெட் கைமீறிப் போகும்.

டிவி வீடியோ கேம் காலம்: 90-களில் நம் வீடுகளில் கேசட் செருகி மரியோ, கான்ட்ரா விளையாடிய பெட்டிகள் பெரும்பாலும் நின்டெண்டோ ஃபேமிகாமின் நகல்கள். அதன் ப்ராசஸர் வேகம் 1.79 மெகாஹெர்ட்ஸ், ரேம் வெறும் 2 கேபி. இதை ஓட்ட எந்தக் கம்ப்யூட்டரும் போதும். இதற்காக மட்டும் புது சிஸ்டம் வாங்கத் தேவையில்லை.

பிளேஸ்டேஷன் 1, பிஎஸ்பி: பிளேஸ்டேஷன் 1-ன் வேகம் சுமார் 34 மெகாஹெர்ட்ஸ். 'டக்ஸ்டேஷன்' எமுலேட்டர் பத்து வருஷம் பழைய சாதாரண கம்ப்யூட்டரிலேயே நன்றாக ஓடும். பிஎஸ்பி-க்கான 'பிபிஎஸ்எஸ்பிபி' பலருடைய மொபைலிலேயே ஓடுகிறது.

பிளேஸ்டேஷன் 2, கேம்கியூப், வீ: குறைந்த பட்ஜெட்காரர்கள் கவனமாகத் தேர்வு செய்ய வேண்டிய இடம் இது. எமோஷன் எஞ்சினின் வேகம் 300 மெகாஹெர்ட்ஸுக்கும் குறைவுதான். ஆனால் அதோடு இரண்டு வெக்டர் யூனிட்கள், தனி கிராபிக்ஸ் சிப், பிளேஸ்டேஷன் 1-ன் ப்ராசஸர் என்று ஏகப்பட்ட பாகங்கள் ஒரே நேரத்தில் வேலை செய்யும். இவை அனைத்தையும் ஒத்திசைவாக நடித்துக் காட்டுவது எமுலேட்டருக்குக் கஷ்டமான வேலை. நான்கு நல்ல கோர்கள் உள்ள ப்ராசஸர் வேண்டும்.

பிளேஸ்டேஷன் 3: இங்கே கணக்கே மாறுகிறது. இதில் உள்ள 'செல்' ப்ராசஸரில் ஒரு முக்கிய கோருடன், கேம்களுக்காக ஆறு துணைக் கோர்கள் இருக்கும். அதனால் 'ஆர்பிசிஎஸ்3' எமுலேட்டருக்கு வேகமும் வேண்டும், எண்ணிக்கையும் வேண்டும். 6 கோர், 12 த்ரெட் உள்ள புதிய ப்ராசஸரில் இருந்துதான் யோசிக்க வேண்டும். குறைந்த பட்ஜெட்டில் இதை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

பெரும்பாலானவர்களின் ஆசை பிளேஸ்டேஷன் 2 வரைதான். அதற்கான சிஸ்டத்தை எங்கே தேடுவது?

ஆபீஸில் இருந்து வரும் கம்ப்யூட்டர்கள்

பெரிய நிறுவனங்கள் சில வருஷத்துக்கு ஒருமுறை கம்ப்யூட்டர்களை மொத்தமாக மாற்றுவது வழக்கம். அப்படிக் கழித்துவிடப்படும் டெல் ஆப்டிப்ளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் போன்றவை 'ரீஃபர்பிஷ்டு' என்ற பெயரில் விற்பனைக்கு வரும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் தொடங்கி மாவட்டத் தலைநகரங்களின் கம்ப்யூட்டர் கடைகள் வரை இவற்றைப் பார்க்கலாம்.

பார்க்க டப்பா மாதிரி இருக்கும். லைட் எரியாது. ஆனால் உள்ளே இருக்கும் ப்ராசஸர் எமுலேட்டருக்குத் தோதானது.

இதில் தேட வேண்டியது இன்டெல் 8-வது தலைமுறை அல்லது அதற்குப் பிறகு வந்தது. உதாரணத்துக்கு ஐ5-8500. இதில் 6 கோர்கள், உச்ச வேகம் 4.1 கிகாஹெர்ட்ஸ். பிளேஸ்டேஷன் 2 கேம்களில் பெரும்பாலானவற்றுக்கு இது தாராளம். பட்ஜெட் இன்னும் இடித்தால், 4 கோர் உள்ள ஐ3-8100 கூடப் பரவாயில்லை.

ஏன் குறிப்பாக 8-வது தலைமுறை? விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11-ஐ அதிகாரப்பூர்வமாகப் போட, இன்டெல்லில் பொதுவாக 8-வது தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும். அதே கம்ப்யூட்டரில் பிள்ளைகள் படிப்பார்கள், வங்கி வேலையும் நடக்கும் என்றால் இது முக்கியம்.

கேமுக்கு மட்டும்தான் என்றால் 6-வது, 7-வது தலைமுறை ஐ5-ம் மோசமில்லை. அதில் லினக்ஸ் போட்டு விளையாடலாம். பிசிஎஸ்எக்ஸ்2, டால்ஃபின் இரண்டுமே லினக்ஸில் ஓடும்.

'ஐ7' என்ற ஒரே வார்த்தையை நம்பாதீர்கள்

பழைய கம்ப்யூட்டர் விற்பனையில் அதிகம் ஏமாறும் இடம் இதுதான். விளம்பரத்தில் 'ஐ7' என்று மட்டும் இருக்கும். எந்தத் தலைமுறை என்று இருக்காது.

ப்ராசஸர் பெயரில் கோட்டுக்குப் பிறகு வரும் எண்ணைப் பாருங்கள். ஐ5-8500 என்றால் முதல் எண் 8, அதாவது 8-வது தலைமுறை. ஐ5-10400 மாதிரி ஐந்து இலக்கம் இருந்தால் முதல் இரண்டு எண்கள், அதாவது 10-வது தலைமுறை. ஐ7-870 மாதிரி மூன்றே இலக்கம் என்றால் அது முதல் தலைமுறை. அதைத் தொடாமல் இருப்பது நல்லது.

ஓர் ஒப்பீடு: 2011-ல் வந்த ஐ7-2600-ல் 4 கோர்கள். 2022-ல் வந்த ஐ3-12100-லும் 4 கோர்கள்தான். ஆனால் சிங்கிள் கோர் வேகத்தில் இந்த ஐ3 அந்த ஐ7-ஐ வெகுதூரம் பின்னுக்குத் தள்ளிவிடும். இரண்டின் கிகாஹெர்ட்ஸ் எண்ணும் கிட்டத்தட்ட அருகருகே இருக்கும். ஆனால் ஒரே துடிப்பில் புதிய சிப் முடிக்கும் வேலை மிக அதிகம். எனவே கிகாஹெர்ட்ஸை மட்டும் வைத்து வெவ்வேறு தலைமுறைகளை ஒப்பிடக் கூடாது.

இன்னொரு காரணமும் உண்டு. 'ஏவிஎக்ஸ்2' என்ற கட்டளைத் தொகுப்பு உள்ள ப்ராசஸரைத்தான் பிசிஎஸ்எக்ஸ்2 பரிந்துரைக்கிறது. இன்டெல் கோர் ஐ வரிசையில் இது 4-வது தலைமுறையில்தான் வந்தது. 2-வது, 3-வது தலைமுறை ஐ7-களில் இது கிடையாது.

'8 கோர் ஜியான்' என்று குறைந்த விலையில் வரும் பழைய சர்வர் ப்ராசஸர்களிலும் கவனம் தேவை. அவை ஒரே நேரத்தில் பலருக்கு வேலை செய்யத் தயாரிக்கப்பட்டவை. ஜியான் இ5-2650-ன் முதல் பதிப்பில் 8 கோர்கள் இருக்கும், ஆனால் அடிப்படை வேகம் 2 கிகாஹெர்ட்ஸ்தான். எட்டு சுமாரான மொழிபெயர்ப்பாளர்கள் கதைதான் இது.

எண்ணுக்குப் பின்னால் 'டி' என்ற எழுத்து இருக்கிறதா என்றும் பாருங்கள். ஐ5-8500டி என்பது மின்சாரம் மிச்சப்படுத்தும் வகை. உச்ச வேகம் 3.5 கிகாஹெர்ட்ஸாகக் குறைந்துவிடும். கையடக்க 'மைக்ரோ' பெட்டிகளில் பெரும்பாலும் இதுதான் இருக்கும். டி இல்லாத மாடல் கிடைத்தால் அதையே எடுங்கள்.

பெட்டியின் அளவும் முக்கியம்

ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் மூன்று அளவுகளில் வரும். உயரமான டவர், ஒல்லியான 'ஸ்மால் ஃபார்ம் ஃபேக்டர்', புத்தகம் அளவுக்கான மைக்ரோ.

மைக்ரோ பெட்டியில் பிறகு கிராபிக்ஸ் கார்டு போட இடமே இருக்காது. ஒல்லிப் பெட்டியில் 'லோ ப்ரொஃபைல்' எனும் அரை உயரக் கார்டு மட்டும் பொருந்தும். டவரில் சாதாரண கார்டு போடலாம். பிறகு மேம்படுத்தும் எண்ணம் இருந்தால் டவரே நல்லது.

இன்னொரு சிக்கல் பவர் சப்ளை. ஆபீஸ் பெட்டிகளில் பெரும்பாலும் குறைந்த வாட் சப்ளைதான் இருக்கும். கிராபிக்ஸ் கார்டுக்கான தனி மின் வயரும் பல மாடல்களில் வராது. அதை மாற்ற நினைத்தாலும் சில கம்பெனிகள் தங்களுக்கென்றே தனி வடிவ கனெக்டர் வைத்திருக்கும். அதனால் தனி வயர் இல்லாமல், ஸ்லாட்டில் இருந்தே 75 வாட்டுக்குள் மின்சாரம் எடுக்கும் கார்டுதான் பாதுகாப்பு.

கிராபிக்ஸ் கார்டு எப்போது வேண்டும்?

முதலில் கார்டு இல்லாமலே வாங்கி ஓட்டிப் பாருங்கள். 8-வது தலைமுறை ஐ5-க்குள்ளேயே 'யுஎச்டி 630' கிராபிக்ஸ் இருக்கிறது. பிளேஸ்டேஷன் 2 கேம்கள் பலவற்றை அவற்றின் அசல் அளவில் அது காட்டிவிடும். 'காட் ஆஃப் வார் 2', 'ஷேடோ ஆஃப் தி கொலோசஸ்' மாதிரி கனமான கேம்களில் திணறலாம்.

திணறினால் குறை எங்கே என்று கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. எமுலேட்டரின் அமைப்பில் ரெசல்யூஷனை அசல் அளவுக்குக் குறையுங்கள். கேம் வேகமானால் குறை கிராபிக்ஸில். குறைத்த பிறகும் அதே ஸ்லோ என்றால் குறை ப்ராசஸரில். அப்போது கார்டு வாங்குவது வீண் செலவு.

ஃபுல் எச்டி டிவியில் தெளிவாகப் பார்க்க ஆசைப்பட்டால், ஜிடிஎக்ஸ் 1650-ன் லோ ப்ரொஃபைல் வகை ஒல்லிப் பெட்டிக்கும் பொருந்தும். தனி மின் வயர் இல்லாத மாடலா என்று கேட்டு வாங்கவும்.

பட்ஜெட் குறைவென்றால் ஜிடி 1030. ஆனால் இதில் ஒரே பெயரில் இரண்டு வகை உண்டு. ஜிடிடிஆர்5 மெமரி உள்ளதை வாங்குங்கள். டிடிஆர்4 மெமரி உள்ளது அதைவிட மிக மெதுவானது. ஜிடி 710, ஜிடி 730 கார்டுகளில் '4 ஜிபி' என்று எழுதியிருந்தாலும் மயங்க வேண்டாம். ஜிபி என்பது குடோனின் அளவுதான், கார்டின் வேகம் அல்ல.

ரேம், எஸ்எஸ்டி எவ்வளவு?

பிளேஸ்டேஷன் 2 வரை 8 ஜிபி ரேம் போதும். அதை ஒரே 8 ஜிபி குச்சியாக வாங்காமல் இரண்டு 4 ஜிபி-யாகப் போடுவது மேல். தனி கார்டு இல்லாத கம்ப்யூட்டரில் கிராபிக்ஸும் இதே ரேமைத்தான் பங்கு போடும். இரண்டு குச்சி இருந்தால் தகவல் போய்வரும் பாதை இரட்டிப்பாகும்.

விண்டோஸுக்கு ஒரு சிறிய எஸ்எஸ்டி கட்டாயம். கேம்களைப் பழைய ஹார்ட் டிஸ்க்கிலேயே வைக்கலாம். பிளேஸ்டேஷன் 1 கேம் ஒரு சிடி அளவு, அதாவது அதிகபட்சம் 700 எம்பி. பிளேஸ்டேஷன் 2 கேம் பெரும்பாலும் ஒரு டிவிடி, 4.7 ஜிபி வரை.

புதுசாகவே வாங்க வேண்டுமென்றால்?

வாரன்ட்டி வேண்டும், பழையது வேண்டாம் என்பவர்கள் தனிக் கார்டு இல்லாமல் ஓட்டக்கூடிய ப்ராசஸரைத் தேர்வு செய்யலாம். ஏஎம்டி ரைசன் 5 5600ஜி-யில் 6 கோர், 12 த்ரெட் இருக்கும். உள்ளேயே இருக்கும் வேகா கிராபிக்ஸ், யுஎச்டி 630-ஐவிட நல்ல வேகம். அல்லது ஐ3-12100 வாங்கி, கையில் பணம் சேர்ந்ததும் கார்டு போடலாம்.

இதில் ஒரு எழுத்தைக் கவனியுங்கள். ஐ3-12100எஃப் என்று 'எஃப்' வந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. தனிக் கார்டு இல்லாமல் திரையில் படமே வராது.

கடையில் சோதிக்க வேண்டியவை

1. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறக்கவும். 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியில் ப்ராசஸரின் முழுப் பெயர், ரேம் எத்தனை குச்சி என்பதைச் சரிபார்க்கவும்.

2. 'கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' என்ற இலவச மென்பொருளில் எஸ்எஸ்டி, ஹார்ட் டிஸ்க்கின் ஆரோக்கியம் தெரியும்.

3. இருபது நிமிஷமாவது தொடர்ந்து ஓடவிடவும். ஃபேன் அலறினாலோ, தானாக ஆஃப் ஆனாலோ வேண்டாம். தூசி தட்டி, ப்ராசஸருக்குப் புதிய தெர்மல் பேஸ்ட் தடவித் தரச் சொல்லலாம்.

4. பின்பக்கம் எச்டிஎம்ஐ இருக்கிறதா? பல ஆபீஸ் மாடல்களில் டிஸ்ப்ளேபோர்ட் மட்டும்தான் இருக்கும். டிவியில் இணைக்க அடாப்டர் தேவைப்படும்.

5. டிவிடி டிரைவ் இருந்தால் விட்டுவிடாதீர்கள். காரணம் கீழே.

கேம்கள் எங்கிருந்து வரும்? சட்டம் என்ன சொல்கிறது?

எமுலேட்டர் மென்பொருளுக்கும் கேம் நகலுக்கும் உள்ள வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். பிளேஸ்டேஷன் கேம்களை கம்ப்யூட்டரில் ஓட்டும் மென்பொருளைத் தயாரித்த கனெக்டிக்ஸ் நிறுவனத்தின் மீது சோனி வழக்கு தொடர்ந்தது. 2000-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் கனெக்டிக்ஸ் பக்கம் தீர்ப்பளித்தது.

அதற்காக எல்லாமே அனுமதி என்று அர்த்தமில்லை. நின்டெண்டோ ஸ்விட்ச் எமுலேட்டரான 'யூசு'-வைத் தயாரித்தவர்கள் மீது 2024 பிப்ரவரியில் நின்டெண்டோ வழக்கு போட்டது. ஒரு வாரத்துக்குள் சமரசம் ஆனது. 24 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டு யூசு மூடப்பட்டது. பூட்டை உடைத்து கேமை நகலெடுக்க உதவியது என்பதுதான் அதில் முக்கியக் குற்றச்சாட்டு.

இந்தியாவில் 1957-ம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்ப்யூட்டர் ப்ரோகிராமை முறையாக வைத்திருப்பவர் தன் பாதுகாப்புக்காக பேக்கப் எடுக்க இடம் தருகிறது. ஊர் பேர் தெரியாத இணையதளத்தில் இருந்து கேமை இறக்குவதற்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது.

இங்கேதான் அந்த டிவிடி டிரைவ் உதவும். பிளேஸ்டேஷன் 1, 2 டிஸ்க்குகளை கம்ப்யூட்டரின் சாதாரண டிரைவே படித்துவிடும். சொந்த டிஸ்க்கை ஒருமுறை ஃபைலாக மாற்றி வைத்துக்கொண்டால், பிறகு டிஸ்க் கீறல் விழுந்தாலும் கவலையில்லை. கேம்கியூப், வீ டிஸ்க்குகளைப் பெரும்பாலான சாதாரண டிரைவ்கள் படிக்காது.

பிளேஸ்டேஷன் எமுலேட்டர்களுக்கு 'பயாஸ்' என்ற ஃபைலும் தேவை. அது சோனியின் சொத்து. சொந்தக் கன்சோலில் இருந்துதான் எடுக்க வேண்டும். அதனால் பழைய கன்சோலை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். டிஸ்க் சுழலாவிட்டாலும், ஆன் ஆகும் கன்சோலில் இருந்து பயாஸை எடுக்க வழி உண்டு.

எமுலேட்டரை அதன் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் இருந்து மட்டும் இறக்கவும். 'எல்லா கேமும் பயாஸும் ஒரே ஃபைலில்' என்று வருவதைத் திறந்தால், கேமுக்குப் பதில் வைரஸ் வந்து சேரலாம்.

எதற்கு முதலில் செலவு செய்வது?

விலை ஊருக்கு ஊர், மாசத்துக்கு மாசம் மாறும். ஆனால் செலவு செய்யும் வரிசை மாறாது. முதலில் ப்ராசஸரின் தலைமுறை. அடுத்து எஸ்எஸ்டி. மூன்றாவது இரண்டு குச்சி ரேம். பிறகு கைக்குப் பொருந்தும் ஒரு யுஎஸ்பி கன்ட்ரோலர். கடைசியாக, தேவைப்பட்டால் மட்டும் கிராபிக்ஸ் கார்டு. கலர் லைட்டுக்கு இந்தப் பட்டியலில் இடமே இல்லை.